மூன்றடி தூரமும் ‘இதுகூடவா?’ என்ற சொல்லும்

(காரைக்குடி வட்டாரத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் உரையின் தலைப்புக்குக் கீழே ‘கோல்ஃப் விளையாட்டிலிருந்து ஒரு பாடம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். நியாயமான சிரிப்புதான். கண்மாயும் செம்மண் பொட்டலும் சீமைக்கருவேலமும் நிறைந்த நம் சிவகங்கைச் சீமையில் கோல்ஃபுக்கு என்ன வேலை? சென்னை கிண்டியிலும், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் மைதானத்திலும், உதகையிலும் கோவையிலும் அந்த விளையாட்டு நடக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைக் கைப்பேசியில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த விளையாட்டின் ஒரு சிறு பகுதி நம் வகுப்பறையில் தினமும் நடப்பதை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சிறு பகுதியைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கிருந்து பந்தை அடித்துக்கொண்டே போய்க் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். எத்தனை ஷாட்டில் முடித்தோம் என்பதுதான் கணக்கு. குறைவான ஷாட்டில் முடித்தவர் வெற்றி பெற்றவர். தொடக்கத்தில் பந்து 200, 250 மீட்டர் பறக்கும்படி ஓங்கி அடிப்பார்கள். குழியைச் சுற்றியுள்ள இடத்தில் புல்லை மிகக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். அங்கே வந்துவிட்டால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விடுவார்கள். இந்த உருட்டலுக்குப் ‘பட்டிங்’ என்று பெயர். அதற்கென்று தட்டையான முகம் கொண்ட ஒரு மட்டை உண்டு. அதைப் ‘பட்டர்’ என்பார்கள். வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையான நீதி இருக்கிறது. 250 மீட்டர் பறந்த ஷாட்டும் ஒன்றுதான். இரண்டு அங்குலம் உருட்டிய ஷாட்டும் ஒன்றுதான். ஒவ்வொரு குழியிலும் இரண்டு உருட்டல் ஆகும் என்று வைத்துத்தான் மைதானத்துக்குரிய மொத்தக் கணக்கையே போடுகிறார்கள். 72 ஷாட் என்று வகுத்த மைதானத்தில் 36 ஷாட் உருட்டலுக்கு. பாதிக்குப் பாதி. பார்ப்பவர்கள் கைதட்டுவது ஓங்கி அடிக்கும்போது. வெற்றி தோல்வி முடிவாவதோ பெரும்பாலும் குழிக்கு அருகில்.

இதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக். 1998இல் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடினார். 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்தது. அங்கே கசுமிகசெகி மைதானத்தில் நான்கு நாள் ஆட்டம். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர் நான்கு நாளும் பதக்கத்துக்கு நெருக்கமாகவே நின்றார். மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய அம்மா. சில மாதங்களுக்கு முன்புதான் அதிதி கொரோனாவிலிருந்து எழுந்திருந்தார்; பந்தை நெடுந்தூரம் அடிப்பதில் மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த இழப்பை அவர் குழிக்கு அருகில் ஈடுகட்டினார். உருட்டி உருட்டி மீட்டார். முடிவில் தங்கம் வென்ற நெல்லி கோர்டா 267 ஷாட். அடுத்த இருவர் 268. அதிதி 269. நான்காம் இடம். ஒரே ஒரு ஷாட் குறைந்திருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் அவரும் நின்றிருப்பார். அன்று இந்தியாவில் கோல்ஃப் தெரியாத வீடுகளில்கூட விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சி பார்த்தார்கள்.

பலம் குறைந்த ஒருவரை உலகின் முதல் வரிசையில் நிறுத்தக்கூடியது இந்தச் சிறு தூரத் திறமை. எனவே அது எப்படி வருகிறது, ஏன் கைவிடுகிறது என்று பார்ப்போம்.

கணக்காகப் பார்த்தால்

நான் கணக்கு வாத்தியார். கணக்கில்லாமல் என்னால் பேச முடியாது.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் சுமார் 42.7 மில்லிமீட்டர். மெதுவாக வரும் பந்தின் மையம் குழியின் விளிம்புக்குள் வந்துவிட்டாலே பந்து விழுந்துவிடும். அதாவது நேர்கோட்டிலிருந்து இடப்பக்கம் 54 மில்லிமீட்டர், வலப்பக்கம் 54 மில்லிமீட்டர் விலகலாம். மூன்றடி என்பது 914 மில்லிமீட்டர். 54ஐ 914ஆல் வகுத்தால் 0.059. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் டேன்ஜென்ட் அட்டவணையைக் கொடுத்தால் 3.4 பாகை என்று சொல்லிவிடும். கடிகார முகத்தில் ஒரு நிமிடக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 6 பாகை. மூன்றடியில் நமக்குக் கிடைக்கும் மொத்த இடம் 6.8 பாகை, ஒரு நிமிடக் கோட்டு இடைவெளியைவிடச் சற்றே அதிகம். ஆறடிக்குப் போனால் அது பாதியாகிறது, பன்னிரண்டடியில் கால்வாசி.

இது வேகம் குறைந்த பந்துக்கு. வேகம் கூடினால் என்ன ஆகும்? குழியின் மேல் கடந்துபோகும் நேரத்துக்குள் பந்து குறைந்தது தன் ஆரத்தின் அளவு, அதாவது 21 மில்லிமீட்டர், கீழே இறங்க வேண்டும். அதற்குப் புவியீர்ப்புக்கு ஏறக்குறைய 0.066 நொடி தேவை. அந்த நேரத்துக்குள் எதிர்விளிம்பை எட்டிவிடும் வேகத்தில் வந்தால் பந்து விளிம்பில் மோதித் தாவிவிடும். கணக்குப் போட்டால் நடு மையத்தில் வரும் பந்துக்கே நொடிக்கு 1.3 மீட்டர் அளவில் எல்லை வந்துவிடுகிறது. ஓரமாக வரும் பந்து குழியின் மேல் கடக்கும் தூரம் இன்னும் குறைவு. ஆகவே அதற்கு எல்லையும் குறைவு. சுருங்கச் சொன்னால், வேகமாக உருட்டுகிறவருக்குக் குழி சிறியதாகிவிடுகிறது. மிக மெதுவாக உருட்டுகிறவருக்கு வேறு தொல்லை: தரையின் சிறு மேடும் சாய்வும் பந்தை இழுத்துவிடும். குழி இல்லாவிட்டால் ஓர் அடி, ஒன்றரை அடி தாண்டிப் போய் நிற்கும் வேகமே நல்ல வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கணக்கு இப்படி இருக்க, நடப்பு எப்படி? அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டையும் கருவிகளால் அளந்து பதிவு செய்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அவற்றை ஆராய்ந்தார். உலகின் தலைசிறந்த வீரர்கள் மூன்றடியில் 100க்குச் சுமார் 96 முறை பந்தைக் குழியில் போடுகிறார்கள். ஐந்தடியில் சுமார் 77. எட்டடியில் பாதிதான். பத்தடியில் 40. ஐந்தடிக்கும் எட்டடிக்கும் இடையே எவ்வளவு பெரிய சரிவு பாருங்கள். வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் நமக்கு எட்டடி என்பது ‘கிட்டத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். பார்க்கிறவரின் கண்ணுக்கு எளிதாகத் தெரிவதும் செய்கிறவரின் கைக்கு எளிதாக இருப்பதும் வேறு வேறு. ஆசிரியர்களாகிய நாம் எப்போதும் பார்க்கிறவர் இடத்தில் இருப்பவர்கள் என்பதை இந்த இடத்தில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

தவறவிட்ட மூவர்

100க்கு 96 என்றால் 4 தவறுகிறது. அந்த நான்கில் மூன்றைச் சொல்கிறேன்.

1970. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசிக் குழி. அமெரிக்காவின் டக் சாண்டர்ஸ் சுமார் மூன்றடி தூரத்திலிருந்து பந்தை உள்ளே போட்டால் கோப்பை அவருக்கு. பந்தின் முன் நின்று தயாரானார். பாதையில் ஏதோ கிடப்பதுபோல் தெரியவே குனிந்து எடுக்கப் போனார். அது காய்ந்த புல். நிமிர்ந்தவர், விலகி நின்று மறுபடி முதலிலிருந்து தயாராகாமல் அப்படியே உருட்டிவிட்டார். பந்து குழியின் வலப்பக்கம் போய்விட்டது. மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் ஒரே ஷாட் வித்தியாசத்தில் வென்றார். கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றையும் சாண்டர்ஸ் கடைசிவரை வெல்லவில்லை.

1983. இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல். அதே போட்டியின் மூன்றாம் நாள். ஹேல் இர்வின் அதற்குள் அமெரிக்க ஓப்பனை இரண்டு முறை வென்றிருந்தவர். பந்து குழியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நின்றது. சும்மா தட்டிவிடலாம் என்று மட்டையின் பின்பக்கத்தால் தட்டினார். மட்டை தரையில் பட்டு எகிறிப் பந்தின் மேலாகப் போய்விட்டது. பந்து அசையவே இல்லை. ஆனாலும் அது ஒரு ஷாட். மறுநாள் டாம் வாட்சனிடம் அவர் கோப்பையை இழந்தது ஒரே ஒரு ஷாட்டில்.

2012. கலிஃபோர்னியா. பெண்கள் பெரும்போட்டி ஒன்றின் கடைசிக் குழி. தென் கொரியாவின் கிம் இன்-கியுங் ஓர் அடி தூரத்திலிருந்து உருட்டினால் பட்டம். பந்து விளிம்பைச் சுற்றி வெளியே வந்துவிட்டது. கூடுதல் ஆட்டத்திலும் தோற்றார். அந்தக் காட்சி உலகம் முழுதும் ஓடியது.

மூன்றிலும் காரணம் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். சாண்டர்ஸ் தயாராகும் முறையைப் பாதியில் விட்டார். இர்வின் எளிது என்று முறையையே கைவிட்டார். கிம்மைப் பொறுத்தவரை, தவறினால் எவ்வளவு கேவலம் என்ற நினைப்பு ஓர் அடித் தூரத்துக்கு எத்தனை பாரம் ஏற்றும் என்பதை நாமே ஊகிக்கலாம். முப்பதடியில் தவறினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஓர் அடியில் தவறினால் ‘இதுகூடவா?’ என்று கேட்பார்கள். சிறு தூரத்தில் பந்துக்கு முன்னால் குழி மட்டும் இல்லை. அந்தக் கேள்வியும் நிற்கிறது.

திருத்தும் முறைகள்

இந்தக் குறையைத் திருத்தக் கோல்ஃப் பயிற்சியாளர்கள் என்ன செய்கிறார்கள்? ஐந்து செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, மட்டையின் முகம். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, படும் நேரத்தில் மட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். அதைச் சரிபார்க்க எளிய வழி: பந்துக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு நாணயங்களைப் பந்து நுழையும் அளவு இடைவெளி விட்டு வைப்பது. அந்த வாசல் வழியே பந்து போய்விட்டால் முகம் நேராக இருந்தது. நாணயத்தில் பட்டால் சாய்ந்திருந்தது. பயிற்சியாளர் வாய் திறக்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஊஞ்சல்போல் சீரான ஆட்டம். பின்னால் எவ்வளவு எடுத்தோமோ முன்னால் அதே அளவு. பயந்தவர்கள் பின்னால் அதிகம் எடுத்துவிட்டுப் பந்துக்கு அருகில் வந்ததும் கையைத் தயங்கவைப்பார்கள். மூன்றடித் தவறுகளில் இது அடிக்கடி காணப்படுவது. சிறிதாக எடு, தயங்காமல் முடி என்பதே சூத்திரம்.

மூன்றாவது, கண். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் கோல்ஃப் வீரர்களின் கண் அசைவைக் கருவியால் அளந்து 1992இல் வெளியிட்டார். தேர்ந்தவர்கள் அடிப்பதற்கு முன் பந்தின் மேல் ஏறக்குறைய இரண்டு நொடி பார்வையை அசையாமல் நிறுத்துகிறார்கள். பந்து போன பிறகும் அது இருந்த இடத்திலேயே கண் சிறிது நேரம் தங்குகிறது. கற்றுக்குட்டிகளின் கண் பந்துக்கும் மட்டைக்கும் குழிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். மட்டை படும் முன்பே தலை நிமிரும். அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘குழியில் விழுவதைக் காதால் கேள், கண்ணால் பார்க்காதே’ என்கிறார்கள்.

நான்காவது, எப்போதும் ஒரே முறை. இருபதடிக்கு எப்படி நிற்கிறோமோ, எத்தனை மூச்சு விடுகிறோமோ, அப்படியே இரண்டடிக்கும். முறை இடையில் முறிந்தால் விலகி நின்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாண்டர்ஸ் செய்யத் தவறியது இதைத்தான்.

ஐந்தாவது, கிட்டத்திலிருந்து எட்டத்துக்கு, எண்ணிக்கையோடு. அமெரிக்க வீரர் ஃபில் மிக்கெல்சன் குழியைச் சுற்றி மூன்றடியில் வட்டமாகப் பந்துகளை வைத்து, தொடர்ந்து 100 உருட்டல்களைத் தவறாமல் போடும் பயிற்சியால் பெயர் பெற்றவர். 99இல் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. வட்டமாக வைப்பதால் ஒவ்வொரு பந்துக்கும் சாய்வு வேறு. கை ஒரே அசைவை மனப்பாடம் செய்துவிட முடியாது.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சியன் பெய்லாக் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பட்டிங்கை வைத்தே செய்த ஆய்வுகளில் ஒன்று தெரியவந்தது. புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு படியையும் கவனித்துச் செய்தால் நன்றாகச் செய்கிறார். நன்கு பழகியவரைக் கையின் அசைவைக் கவனித்துச் செய் என்று சொன்னால் ஆட்டம் கெடுகிறது. பழகிய கையை நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கும் காலமும் விட்டுக்கொடுக்கும் காலமும் வேறு.

நம் பள்ளித் தாழ்வாரத்தில்

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டப் புல்தரை தேவையில்லை. மென்மையான சிமென்ட் தரை போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் கிடைத்தால் இன்னும் நல்லது. கல்லும் கல்லும் சேரும் கோடு நேர்கோட்டுக்கு அளவுகோலாகிவிடும். பழைய டென்னிஸ் பந்து ஒன்று. விளக்குமாற்றுக் கம்பு ஒன்றின் நுனியில் ஒரு சாண் மரத்துண்டை ஆணி அடித்தால் மட்டை தயார்.

குழிக்குப் பதில் இரண்டு செங்கற்கள். இடைவெளி எவ்வளவு? இதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். டென்னிஸ் பந்தின் விட்டம் சுமார் 6.7 செ.மீ. செங்கல்லில் படாமல் போக வேண்டுமானால் இடைவெளியிலிருந்து பந்தின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். அதுவே ஒரு பக்கம் விலகக்கூடிய அளவு. 17.5 செ.மீ. இடைவெளி வைத்தால் 5.4 செ.மீ. வருகிறது. கோல்ஃப் குழியில் வந்த அதே 54 மில்லிமீட்டர். மூன்றடியில் அதே 3.4 பாகை. செங்கற்களுக்கு ஒன்றரை அடி பின்னால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பந்து வாசலைத் தாண்டி, கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும். வேகத்துக்கான பாடம் அந்தக் கோட்டில் இருக்கிறது.

மூன்றடி, ஆறடி, ஒன்பதடி என்று பத்துப் பத்து முறை உருட்டி, எத்தனை சரி என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதிக்கொள்ளட்டும். ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு, பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல், ஆறாம் வகுப்புக்கு விகிதமும் பட்டை விளக்கப்படமும் கையோடு கிடைத்துவிடும். நான்காம் வகுப்புக்கு அளத்தல். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் இதில் சமமாக ஆடலாம். ஓடவேண்டியதில்லை, பலம் வேண்டியதில்லை.

ஆடும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒன்பதடியில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உருட்டுகிறார்கள். மூன்றடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. தவறினால் சுற்றி நிற்கும் கூட்டம் ‘இதுகூடவா?’ என்று கூவுகிறது. அடுத்த உருட்டலில் அந்தப் பிள்ளையின் தலை முன்னதாகவே நிமிர்கிறது. அது பார்ப்பது பந்தை இல்லை, கூட்டத்தின் முகத்தை.

வகுப்பறையின் மூன்றடிகள்

தோழர்களே, இங்கேதான் என் உரையின் மையம். அந்த நிமிரும் தலையை நாம் எல்லாருமே வகுப்பில் பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லை வாசிக்கிறது. முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிறது. இரண்டாம் எழுத்து, மறுபடி முகம். கண் எழுத்தில் தங்கினால்தானே மூன்றாவது எழுத்து சேரும்? பத்தாம் வகுப்பு மாணவி இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி அழகாகக் கொண்டுவருகிறாள். கடைசி வரியில் கழித்தல் குறி. எழுதும் முன்பே தலை நிமிர்ந்து சார் முகத்தைப் பார்க்கிறாள். குறி விட்டுப்போகிறது. வகுப்பு சிரிக்கிறது. இரண்டு மூன்று முறை அப்படி ஆனால் அவள் கரும்பலகைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். கணக்கு வராததால் நிறுத்தவில்லை, ‘இதுகூடவா?’ என்ற சொல்லுக்கு அஞ்சி நிறுத்துகிறாள்.

பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அவை கோல்ஃபின் மூன்றடி உருட்டல்கள். ஐந்து மதிப்பெண் வினாவில் ஒரு வழி பிசகினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. இங்கே தவறினால் பூஜ்யம். 35ஐத் தொடுவாளா மாட்டாளா என்று விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு, அந்தப் பதினான்கில் மூன்றோ நான்கோதான் பதினொன்றாம் வகுப்புக்கும் வீட்டோடு நின்றுவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம். அந்தப் பிள்ளைக்கு நாம் பெரும்பாலும் கடினமான கணக்குகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறோம். எளியதை ‘வீட்டில் பார்த்துக்கொள்’ என்கிறோம்.

கோல்ஃப்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. மூன்றடியை மூன்றடி என்று ஒதுக்காமல் நூறு முறை பழகுகிறார்கள். நாமும் செய்யலாம். ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் ஐந்து நிமிடம் ‘மூன்றடிப் பயிற்சி’. ஐந்து எளிய வினாக்கள், ஒரே பாடத்திலிருந்து இல்லாமல் வட்டமாக: ஒரு கழித்தல் குறி, ஓர் அலகு மாற்றம், ஒரு பின்னம், ஒரு வாய்ப்பாடு, ஒரு சூத்திரம். தமிழாசிரியர் என்றால் ஒரு ஒற்றுப்பிழை, ஒரு ல-ள-ழ வேறுபாடு. தொடக்க வகுப்பு என்றால் ஐந்து சொற்கள். தொடர்ந்து எத்தனை நாள் ஐந்துக்கு ஐந்து என்று பிள்ளையே தன் குறிப்பேட்டில் எண்ணிவரட்டும். ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. அதில் அவமானம் எதுவும் இல்லை, அது ஆட்டத்தின் விதி.

இரண்டாவது, எளிய வினாவுக்கும் அதே முறை. வாசி, அடிக்கோடிடு, செய், குறியைச் சரிபார், பிறகு நிமிர். ‘எழுதி முடித்து விரலை எடுக்கும் வரை என் முகத்தைப் பார்க்க வேண்டாம்’ என்று வகுப்பில் ஒரு விதி வைக்கலாம். அதற்கு ஈடாக நாமும் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்: பிள்ளை முடிக்கும் வரை நம் முகத்தில் சரி தவறு எதையும் காட்டக் கூடாது. நாணய வாசல்போல விடை தானே சொல்லட்டும். தீர்வைச் சமன்பாட்டில் பதிலிட்டுப் பார்த்தால் குறி விட்டுப்போனது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, அந்தச் சொல்லை எடுத்துவிடுவது. ‘இதுகூடவா?’ என்ற இடத்தில் ‘எந்த இடத்தில் விட்டுப்போனது, பார்’ என்று கேட்டால் போதும். முன்னது பிள்ளையின் கண்ணை நம் முகத்துக்கு இழுக்கிறது. பின்னது அதைத் தாளுக்குத் திருப்புகிறது. நாம் சொல்லாவிட்டாலும் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வகுப்பின் மொழி ஆசிரியரிடமிருந்துதான் பரவுகிறது. ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள்.

இப்படிச் செய்தால் கண்டிப்பு குறைந்துவிடாதா என்று சில மூத்த ஆசிரியர்கள் ஐயப்படலாம். கோல்ஃபில் இதைவிடக் கண்டிப்பு வேறு இல்லை. பந்து விழுந்தால் விழுந்தது, இல்லாவிட்டால் ஒரு ஷாட் போயிற்று. விதி கண்டிப்பாக இருக்கட்டும். கேலி அந்தக் கண்டிப்பின் பகுதி இல்லை.

கிம் இன்-கியுங் கதையைப் பாதியில் விட்டேன். ஓர் அடியில் தவறவிட்ட அவர், அதற்குப் பின் சில ஆண்டுகள் வெற்றியின்றித் தவித்தார். ஆனால் ஆட்டத்தை விடவில்லை. 2017இல் ஸ்காட்லாந்தின் கிங்ஸ்பார்ன்ஸ் மைதானத்தில் மகளிர் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெரும்போட்டிப் பட்டம் அவருக்கு அதுவே முதல் முறை. நடுவில் ஐந்து ஆண்டுகள். நம் கையில் ஒரு பிள்ளை இருப்பது அதிகம் போனால் ஐந்து ஆண்டு, சில வேளை ஒரே ஆண்டு. தவறவிட்ட பிறகும் மறுபடி மட்டையை எடுக்கும் மனத்தோடு அந்தப் பிள்ளை நம் வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியவை மேலே சொன்ன மூன்றும்தான்.

வருகிற திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஐந்து எளிய வினாக்களோடு தொடங்குங்கள். எந்தெந்த வினா என்பதை இன்று தேநீர் இடைவேளையில் பாடவாரியாக அமர்ந்து எழுதிக்கொண்டு போகலாம். டென்னிஸ் பந்தும் மட்டையும் செங்கல்லும் வெளியே தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர்கள் உட்பட எல்லாரும் மூன்றடியிலிருந்து பத்து முறை உருட்டிப் பாருங்கள். தவறினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்.